இருபது மைல் தீவு

4 ஆகஸ்ட் 1959, செவ்வாய்

சர்க்கரைச் சாக்கு என்று சொல்லி வியாபாரி அனுப்பிய கட்டுக்குள் பாதி சிமெண்டுச் சாக்கு. உதறிக் கழுவிக் காயவைத்து நடுவில் செருகியிருக்கிறான். மூக்கைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடுமே. அப்படியே திருப்பி லாரியில் ஏற்றிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் காந்தி மார்க்கெட்டில் பழைய சாக்கு விற்கிறவனிடம் இந்த வேலையா?

மத்தியானம் பக்கத்துக் கடை இருசம்மாள் வந்தாள். வாழையிலை மண்டி பத்து மணிக்கே ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு கடையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவள், இன்று என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் கோயமுத்தூருக்கே வந்துடுன்னு கூப்பிடுது. மண்டியைக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன். வெளியாளுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

"நல்ல விலையா தரேன். வேற யார்கிட்டயும் போகவேண்டாம்" என்றேன்.

புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து வருஷமாக அந்த இடத்தின் மேல் எனக்குக் கண். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதை எடுத்துவிட்டால் மார்க்கெட்டிலேயே பெரிய சாக்குக் கடை என்னுடையது. கேட்காமலே கைக்கு வருகிறது. நியாயமாகப் பார்த்தால் இன்று நான் பால்கோவா வாங்கித் தின்றிருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டலில் சாம்பார் புளித்துவிட்டதோ என்னவோ.

6 ஆகஸ்ட், வியாழன்

சுவரை அளந்தேன். பதினான்கடி.

9 ஆகஸ்ட், ஞாயிறு

பொன்மலைக்குப் போனேன். சிநேகிதன் லூர்து கார் வாங்கியிருக்கிறான். கார் என்று அவன் சொல்கிறான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை கொட்டகையில் போட்டுவிட்டுப் போன வண்டி. எட்டு மாதமாக, ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மாட்டி ஓடவைத்துவிட்டான். அவனும் நானும் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிய காலத்திலேயே அவனுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. நான் மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். அவன் என்ஜினைப் பார்ப்பான்.

"எங்க போர்மேன் சிலோன் போய்ட்டு வந்தாருடா. கூட்டாளிங்களோட ரெண்டு நாள் கார்லயே சுத்தினாராம். தீவு முழுக்கத் தென்னையாம், ஆறாம். வாயை மூடமாட்டேங்கிறாரு" என்றான். "நமக்கு என்ன குறைச்சல்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல நம்ம ஸ்ரீரங்கம் தீவு கிடக்கு. ஒரு சனி ஞாயிறு பார்த்து முக்கொம்புலேருந்து கல்லணை வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டிடுவோம்."

"மொத்தமே இருபது மைல்தான் இருக்கும். அதுக்கு ரெண்டு நாளா?"

"நீ இன்னும் என் வண்டியில ஏறலையே."

அவன் மனைவி சகாயம்மாள் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டே, "இருசுவையும் கூப்பிடுங்க அண்ணே. ஊரை விட்டுப் போறவ. ஒரு தடவை ஆசை தீரப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள். இருசம்மாளுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் தன் வீட்டிலேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள் இவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல்.

வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதும் வருகிறேன் என்றாள்.

13 ஆகஸ்ட், வியாழன்

வியாபாரம் மந்தம். உட்கார்ந்து பழையதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டில் இருசம்மாளின் புருஷன் காலராவில் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. ஒரு மாதத்தில் மண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று மார்க்கெட்டே சொன்னது. நானும்தான் சொன்னேன். முதல் வாரம் ஒரு மெஸ்காரன் அவளைப் பேசிப் பேசியே பாதி விலைக்கு இலை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. அவன் போனதும், "விலையை முதல்ல வாய்விட்டுச் சொல்றவங்க தோத்தாங்க. எதிராளி சொல்றவரைக்கும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

மறுநாள் அந்த மெஸ்காரன் வந்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம். அவன் கூரைமேல் என்ன இருக்கிறது என்று தானும் அண்ணாந்து பார்த்தான். கடைசியில் விலையை அவனே சொன்னான்.

நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். மூன்றாவது வருஷம் என்னிடமே பழைய சாக்கு வாங்கவந்து, என்னையே முதலில் பேசவைத்துவிட்டாள். என் மனைவி தவறியது அந்த வருஷம்தான். முப்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடு சுவருக்கு மேலாகத் தூக்குவாளியில் வந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

15 ஆகஸ்ட், சனி

மார்க்கெட் வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தனக்குக் கிடைத்ததில் ஒன்றை என்னிடம் நீட்டி, "இந்த ஊர்ல எனக்குக் கடைசி சுதந்திர தினம்" என்றாள் இருசம்மாள்.

"கோயமுத்தூர்லயும் கொடி ஏத்துவாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வேறு ஒன்றுமே வரவில்லையா?

20 ஆகஸ்ட், வியாழன்

அவள் அண்ணன் மருதை கடிதம் போட்டிருக்கிறாராம். திங்கட்கிழமை வருகிறார். பத்திரம் எழுதி, கடையைக் கைமாற்றி, செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். பத்திரம் எழுதுகிறவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எனக்குத்தான் எதிலும் கை ஓடவில்லை.

22 ஆகஸ்ட், சனி — உத்தமர்சீலி

வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

இலை விற்று முடியாமல் கிளம்ப மாட்டேன் என்று இருசம்மாள் சொல்லிவிட்டாள். பத்து மணிக்குத்தான் புறப்பட்டோம். முன்னால் லூர்துவும் நானும், பின்னால் பெண்கள் இருவரும். பின்சீட்டில் ஒரு ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன். நல்ல சாக்காக நான்கு எடுத்துப் போயிருந்தேன். மடித்து அவள் உட்காரும் இடத்தில் போட்டேன். உட்கார்ந்தவள், குனிந்து மோந்துபார்த்து, "சர்க்கரைச் சாக்கு" என்றாள்.

"சிமெண்டுச் சாக்கா போடுவேன்?" என்றேன். சிரித்தாள்.

காவிரிப் பாலத்தில் பஸ், குதிரை வண்டி, சைக்கிள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி மேற்கே திரும்பி மேலூர் வழியாகக் கரைமேல் ஏறினோம். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் முழுக்க வாழை. இருசம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொல்லையாக மார்க் போட்டுக்கொண்டே வந்தாள்.

"இது பூவன். இலை நல்லா இருக்கும், காத்து அடிச்சுக் கிழிச்சிருக்கு. இது மொந்தன். இந்தாளு தண்ணி காட்டவே இல்ல பாருங்க. எனக்குக் கொண்டாந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"இனிமே உனக்கு யாரு கொண்டாரப்போறா, நீ யாருக்குத் திருப்பப்போறே" என்றாள் சகாயம்மாள். அதற்குப் பிறகு முக்கொம்பு வரும்வரை இருசம்மாள் மார்க் போடவில்லை.

முக்கொம்பில் மரத்தடியில் சாப்பாடு. சமைத்தது வெள்ளி இரவு, அன்று சகாயம்மாள் கவிச்சி தொடமாட்டாள். சாப்பிடுவது சனிக்கிழமை, இன்று இருசம்மாள் தொடமாட்டாள். அதனால் புளியோதரை, உருளைக்கிழங்கு. லூர்து மட்டும், முட்டை கறியில் சேருமா சேராதா என்று கேட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சாப்பிட்டதும், என்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி லூர்துவையும் இருசம்மாளையும் ஆற்றுக்கு அனுப்பினாள் சகாயம்மாள். அவர்கள் இறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நான் உங்களை என்னான்னு கூப்பிடுறேன்?"

"அண்ணேன்னு."

"மூட்டை தூக்குறவங்க? டீக்கடை அம்மா? கீரைக்காரி?"

"எல்லாரும் அண்ணேதான். மார்க்கெட்டுல அழகர்சாமி அண்ணேன்னா தெரியாதவங்க யாரு?"

"இருசு ஒரு தடவையாவது உங்களை அண்ணேன்னு கூப்பிட்டிருக்காளா?"

யோசித்துப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கூப்பிடுகிற குரல் காதிலேயே இருக்கிறது. "அது... 'இந்தாங்க'ன்னு கூப்பிடும்."

"பதினோரு வருஷமா 'இந்தாங்க'. பொம்பளைங்க யாரை அண்ணே அப்படிக் கூப்பிடுவாங்க? வீட்டுல நான் உங்க சிநேகிதரை எப்படிக் கூப்பிடுறேன்?"

சாக்கை மோந்து, அதில் போன வருஷம் என்ன கட்டினார்கள் என்று சொல்கிறவன் நான். பதினோரு வருஷம் தினமும் கேட்ட சொல் இது. அவள் லூர்துவை அண்ணே என்பாள். தராசுக்காரரை அண்ணே என்பாள். என்னைவிட நான்கு வயது சின்னவனான வெற்றிலைக்கடைக்காரனைக்கூட அண்ணே என்பாள்.

"உங்ககிட்ட வந்து கடையைக் கொடுக்கப்போறேன்னு எதுக்குச் சொன்னா? ஏன் போறீங்கன்னு கேப்பீங்கன்னுதான். நீங்க நல்ல விலை தரேன்னீங்களாம். என்கிட்ட வந்து ஒரு பொழுது அழுதா."

அதற்குள் அவர்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகாவது ஒழுங்காகப் பேசியிருக்கலாம் அல்லவா? திரும்பி ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவலையும் கடந்து, கல்லணை ரோட்டில் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரமாக மனசுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். பின்னால் திரும்பினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"விலை பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரேன்."

தூ. எழுதும்போதே கை கூசுகிறது. இருபத்திரண்டு வருஷ வாய்ப்பழக்கம், வேறு எதையும் வெளியே விடமாட்டேன் என்கிறது.

"லூர்து அண்ணே, வண்டியை நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். கரையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். சகாயம்மாள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்து அவள் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனான்.

"என்னடா சொன்னே? சரி விடு. இந்த வேகம்தான் நம்ம வண்டிக்கு ஒத்துக்குது" என்றான். சொல்லி முடிப்பதற்குள் என்ஜின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

தள்ளினோம். சத்தம் கேட்டு அவளும் திரும்பிவந்து என் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினாள். அரை மைல் தள்ளியிருப்போம். உத்தமர்சீலியில் அம்மாசி என்று ஒரு கொல்லைக்காரர், அவள் மண்டிக்கு இலை அனுப்புகிறவர், பார்த்துவிட்டு ஓடிவந்தார். ராத்தங்கல் அவர் வீட்டில்தான். பெண்களுக்கு உள்ளே பாய் விரித்திருக்கிறார்கள். எங்களுக்கு வைக்கோல் கொட்டகை.

லூர்து விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடக்கிறான். அவனுக்குச் சந்தோஷம்.

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மருதை வந்துவிடுவார்.

23 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் சகாயம்மாளுக்கு ஒரே விசனம். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு பூசை தவறியதில்லையாம். வாழைக்கொல்லைக்குள் போய் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னாள். வண்டிக்கு அடியிலிருந்து லூர்து பதில் ஜெபம் சொன்னான். நடுநடுவே ஸ்பேனர் விழும் சத்தம்.

இருசம்மாள் கொல்லையின் அடுத்த பக்கம் நின்று இலைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையை விற்கப்போகிறவள் எதற்கு இலை பார்க்கிறாள்? போனேன்.

"கடை எனக்கு வேண்டாம்" என்றேன்.

"நாளைக்கு அண்ணன் வருது. இப்ப வந்து வேண்டாம்னா?"

"வேண்டாம்."

"சரி. வாங்க வேற ஆளு இருக்கு."

"யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

"ஏன்?"

நான் வானத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை, பழக்கம். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றோமோ, அம்மாசி அந்த வழியாக வந்தவர், "மழை வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சொல்லிக்கொடுத்தவர் முன்னாடியே நான் முதல்ல வாயைத் திறப்பேன்னு நினைச்சீங்களா?" என்றாள். "பதினோரு வருஷம் நின்னவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறது பெரிசில்ல."

தோற்றுத்தான் ஆகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. தோற்றேன்.

"போகாதீங்க. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம். எனக்கு நாப்பத்தாறு வயசு. இடது காது கொஞ்சம் மந்தம். முதுகுல மூட்டை தூக்கின வலி உண்டு, மழைக்காலத்துல எழுந்திருக்க நேரமாகும். கோபம் வரும், அரை மணியில போயிடும். சமைக்கத் தெரியாது." சாக்கில் ஓட்டை இருந்தால் விற்பதற்கு முன்பே விரித்துக் காட்டிவிடுவது என் வழக்கம். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் புரட்டிக்கொண்டிருந்த இலையை விடவே இல்லை. "குறட்டை?" என்றாள்.

"லூர்து சொல்றான். எனக்குத் தெரியாது."

"நேத்து உள்ளே வரைக்கும் கேட்டுச்சு." பிறகு, "மண்டியை நான் மூடமாட்டேன். காலையில நாலு மணிக்குப் போயிடுவேன்."

"போங்க."

"சுவரை அளந்தீங்களே, பார்த்தேன். அதுல கை வைக்கக் கூடாது."

"வைக்கமாட்டேன்."

இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்க வாழைக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. நாளைக்கு எங்க அண்ணனுக்கு முன்னாடி சொல்லுங்க. அப்ப பதில் சொல்றேன்."

பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. எப்படிக் கிளம்பியது என்று லூர்து கல்லணை வரை விளக்கிக்கொண்டே வந்தான். யாரும் கேட்கவில்லை. கல்லணையில் மதகுக்குக் கீழே படியில் உட்கார்ந்து அவளும் சகாயம்மாளும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுபிள்ளைகள் மாதிரி ஒருத்தி மேல் ஒருத்தி நீரை அடித்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்தில் அவள் வெறுங்காலோடு சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தீவு முடிஞ்சுபோச்சுடா" என்றான் லூர்து. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

24 ஆகஸ்ட், திங்கள்

மருதை வந்தார். பத்திரம் எழுதுகிறவரும் வந்துவிட்டார். அவரை வைத்துக்கொண்டேதான் கேட்டேன். நேற்றுச் சொன்னதையெல்லாம் சொன்னேன், காது உட்பட.

மருதை முதலில் சிரித்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "நாப்பதைத் தொடப்போற வயசுல, தாலி அறுத்தவளுக்கு என்னய்யா கல்யாணம்? ஊரு சிரிக்காது?"

அவள் பதில் எனக்கு அல்ல, அவருக்குத்தான் கிடைத்தது. "உங்க வீட்டுல ஏழு பேருக்கு ஆக்கிப்போட்டுட்டு, அடுப்படியில படுத்துக்கிடந்தா எந்த ஊரும் சிரிக்காது இல்ல? எனக்கு இவரைக் கட்டிக்கச் சம்மதம். கடையை விக்கல."

மருதை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அவள் கடைக்குள் போய்ப் படுதாவை இறக்கிக்கொண்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சம்மதம் என்று சொன்னவள் அழுகிறாள். அப்பா போனபிறகு தூக்கி வளர்த்த அண்ணன். நான் என்ன செய்யமுடியும்? டீ வாங்கி, சுவருக்கு மேலாக நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

30 ஆகஸ்ட், ஞாயிறு

கோயமுத்தூர் போய்வந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மருதை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் மில்லில் சங்கத் தகராறு பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவிதான் காபி கொடுத்தாள். கடைசியில், "அவளுக்கு டைபாய்டு வந்தப்ப எனக்கு ஏன் எழுதல?" என்றார்.

"நீங்க பயப்படுவீங்கன்னு எழுத வேண்டாம்னு சொல்லிடுச்சு. சகாயம்மாள் வீட்டுல வெச்சு நாங்க மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டோம்" என்றேன்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மாப்பிள்ளை, டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்குங்க. நடுவுல செக்கிங் வரும்" என்றார்.

திருச்சி வரும்வரை டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். செக்கிங் வரவில்லை.

8 செப்டம்பர், செவ்வாய்

வியாழக்கிழமை வயலூர் கோயிலில் கல்யாணம். வண்டி வயலூர் வரை போகுமா என்று லூர்துவைக் கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் வந்து, எதற்கும் ஒரு குதிரை வண்டி சொல்லி வை என்றான்.

15 செப்டம்பர், செவ்வாய்

காலை நாலு மணிக்கு இலை லாரி வந்தது. கட்டு இறக்கும் ஆள் வரவில்லை. நானே இறக்கினேன். மூட்டை தூக்கிய தோளுக்கு இலைக்கட்டு ஒரு பாரமா என்று இரண்டிரண்டாகத் தூக்கிப் போட்டதில் ஏழு நுனி இலை கிழிந்துவிட்டது. "இது என்ன சாக்கா, எறியறதுக்கு?" என்று மண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தராசுக்காரர் சிரித்தார். கிழிந்த ஏழையும் தனியே எடுத்து வைத்திருந்தாள். மத்தியானம் அதில்தான் சாப்பிட்டோம்.

நாளைக்கும் ஆள் வரமாட்டானாம். சீக்கிரம் படுக்க வேண்டும்.